கண்டல் கழியைக் கடந்து சுண்ணாம்புக் குகைக்கு

விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரங்களின் கரிசல் நிலத்தில் கிணறு தோண்டும்போது கருமண்ணுக்கு அடியில் வெளிப்படும் வெண்மையான சுக்கான்கல்லும், அந்தமான் தீவுக்கூட்டத்தின் பாரதாங் தீவில் பயணிகள் படகேறிச் சென்று காணும் சுண்ணாம்புக் குகையும் வேதியியல் நோக்கில் ஒரே பொருளால் ஆனவை. கால்சியம் கார்பனேட் என்பது அப்பொருளின் பெயர். நீரில் கரைந்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சென்று, தக்க சூழல் அமைந்ததும் மீண்டும் கல்லாகப் படிவது அதன் இயல்பு. அச்சங்குளம் போன்ற கரிசல் ஊர்களில் ஆண்டு மழையளவு 800 மில்லிமீட்டரை ஒட்டியே அமைகிறது. பெய்த மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டாலும், வெயில் அந்த நீரை விரைவில் மேலிழுத்து ஆவியாக்கிவிடுவதால், கரைந்த சுண்ணாம்பு வெகுதொலைவு போகாமல் மண்ணுக்குள்ளேயே உருண்டைகளாகத் திரண்டு சுக்கான்கல் ஆகிறது. சிமெண்டு பரவுவதற்கு முந்தைய தலைமுறைகள் இக்கல்லைக் காளவாசலில் சுட்டு, நீற்றி, வீடு கட்டும் காரைக்குப் பயன்படுத்தின. இதே மாவட்டத்தின் பந்தல்குடிப் பகுதியில் பூமியின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் படிகமாக இறுகிய மிகப் பழைய சுண்ணாம்புப் பாறை கிடைப்பதும், 1960களின் தொடக்கத்தில் விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே சிமெண்டு ஆலை எழுந்ததும், ஆலையைச் சுற்றி ஆர்.ஆர். நகர் என்ற ஊர் உருவானதும் இவ்வட்டாரத்தார் நன்கறிந்த செய்திகள்.

சுண்ணாம்பு இவ்வளவு இருந்தும் இங்கே பார்வையாளர் சென்று காணத்தக்க பெருங்குகை எதுவும் உருவாகாததற்கு மழையின்மையே முதற்காரணம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சிவகாசியைத் தகுந்த இடமாக்கிய அதே வறண்ட வானிலை, பாறையைக் குடைந்து குகையாக்கும் வேலைக்குத் தேவையான நீரைத் தரவில்லை. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும் இடத்தை நேரில் காண விரும்பும் தமிழர், ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தமானுக்குச் செல்வது பொருத்தமானது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அத்தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்பதால், அங்குள்ள கடைவீதிகளில் தமிழ் ஒலிப்பதைக் கேட்டு வியப்படைய வேண்டியதில்லை.

அந்தமான் தீவுகள் கடலில் தனித்தனியே மிதப்பவைபோலத் தோன்றினாலும், உண்மையில் அவை மியான்மரின் அரக்கன் யோமா மலைத்தொடர் தெற்கே கடலுக்குள் மூழ்கித் தொடரும் பகுதியின் சிகரங்கள் ஆகும். இந்திய நிலத்தட்டு கிழக்கே பர்மா தட்டின் அடியில் நுழையும்போது, கடலடியில் படிந்திருந்த வண்டலும் சேறும் சிப்பிகளும் பவளங்களும் இறுகிய பாறைகளும் வழித்தெடுக்கப்பட்டு மேலே குவிந்ததால் இத்தீவுகள் எழுந்தன. குகையைத் தாங்கும் சுண்ணாம்புப் பாறையும் ஒருகாலத்தில் கடல்வாழ் உயிர்களின் ஓடுகளாக இருந்ததே. அதே நிலத்தட்டு நகர்வின் விளைவாக பாரதாங்கில் சேற்று எரிமலை என்றழைக்கப்படும் ஒன்றும் உள்ளது. அதில் எரிகுழம்பு கிடையாது, நிலத்தடி வாயுக்கள் குளிர்ந்த சேற்றைக் குமிழியிட்டு மேலே தள்ளுகின்றன. குகைக்குச் செல்வோர் அதையும் பார்த்துத் திரும்புவது வழக்கம்.

தெற்கு அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் பாரதாங் கிடக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து சாலைவழியே அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சாலை மிடில் ஸ்ட்ரெய்ட் என்னும் நீரிணையில் முடிய, அங்கிருந்து வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் பெரிய படகில் அக்கரையான நிலம்பூர்த் துறையை அடைய வேண்டும். நிலம்பூர் என்பது மலபாரிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊரின் பெயரை இங்கே வைத்ததன் அடையாளம். பாரதாங்கில் வாழ்வோரில் கணிசமானோர், ஆங்கிலேயர் காலத்திலும் அதன் பின்னரும் மரம் வெட்டும் வேலைக்கென சோட்டா நாக்பூர் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட பழங்குடியினரின் வழிவந்தவர்கள். தீவு முழுவதும் அவர்களை ராஞ்சிக்காரர்கள் என்றே அழைக்கிறார்கள். அன்று வெட்டப்பட்ட மரங்களில் பபீதா, தூப் போன்ற மென்மரங்கள் தீக்குச்சி செய்யப் பயன்பட்டவை என்பது தீப்பெட்டித் தொழிலோடு வாழும் மாவட்டத்தின் வாசகர்களுக்குக் கூடுதல் அக்கறை தரக்கூடிய செய்தி.

நிலம்பூர்த் துறையில் வனத்துறையின் அனுமதி பெற்ற பின், பத்துப்பேர் அளவில் அமரக்கூடிய கண்ணாடியிழை விசைப்படகில், உயிர்காப்பு அங்கி அணிந்து பயணம் தொடங்குகிறது. முதலில் படகு அகன்ற நீர்ப்பரப்பில் விரைகிறது. அரைமணி நேரத்துக்குள் கரைகள் நெருங்கி வந்து, கழியின் வாய் குறுகி, இருபுறத்து மரக்கிளைகளும் தலைக்குமேல் பின்னிக்கொள்ளும் கால்வாய் ஒன்றுக்குள் படகு வேகம் தணிந்து நுழைகிறது. கழி என்பது கடல்நீர் நிலத்துக்குள் ஏறியிறங்கும் உப்புநீர் ஓடை. கடலின் ஏற்றவற்றம் நாளுக்கு இருமுறை இங்கே நீர்மட்டத்தை உயர்த்தித் தாழ்த்துவதால், வற்றத்தின்போது மரங்களின் வேர்க்கால்கள் முழுமையாக வெளித்தெரிகின்றன. ஏற்றத்தின்போது அதே வேர்கள் மூழ்கி, இலைத்திரள் நீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

இக்காட்டைத் தமிழில் அலையாத்திக் காடு, கண்டல் காடு, சுரபுன்னைக் காடு எனப் பலவாறாக வழங்குவர். கடலூர் மாவட்டத்தின் பிச்சாவரத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரந்து, 2022இல் ராம்சார் உடன்படிக்கையின் பன்னாட்டுச் சிறப்புமிக்க ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற காட்டைத் துடுப்புப் படகில் சுற்றியவர்களுக்கு இக்காட்சி முற்றிலும் புதிதன்று; அளவில்தான் பெரும் வேறுபாடு. இந்திய வன அளவைத் துறையின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாடு முழுவதும் உள்ள 4,992 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காட்டில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பங்கு 616 சதுர கிலோமீட்டர். பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் உள்ளிட்ட தமிழ்நாட்டின் பங்கு 45 சதுர கிலோமீட்டர் மட்டுமே.

உப்புநீரிலும் மூச்சடைக்கும் சேற்றிலும் ஒரு மரம் வாழ்வதற்கு இரண்டு இடர்களைக் கடக்க வேண்டும். முதலாவது உப்பு. சுரபுன்னை தன் வேரின் மெல்லிய சவ்வுகளால் உப்பின் பெரும்பகுதியை வெளியிலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது. வெண்கண்டலோ உப்பை உள்ளே விட்டு, பின்னர் இலைகளிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது, அதனால் கோடை நாளில் அதன் இலையில் உப்புத் துகள்கள் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, காற்றில்லாத சேறு. அதில் புதைந்த வேருக்கு உயிர்வளி கிடைக்காது என்பதால், சுரபுன்னை தண்டிலிருந்தே வளைந்த தாங்குவேர்களை நீருக்குமேல் வீசி ஊன்றுகிறது, வெண்கண்டல் சேற்றிலிருந்து செங்குத்தாக விரல்விரலாக மூச்சுவேர்களை மேலே நீட்டுகிறது. சுரபுன்னையின் இனப்பெருக்க முறை இன்னும் வியப்புக்குரியது: அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போன்ற நீண்ட நாற்றாக வளர்ந்து, பிறகே விழுகிறது, வற்றத்தின்போது விழுந்தால் சேற்றில் குத்தி நின்று அங்கேயே வேர்விடவும், ஏற்றத்தின்போது விழுந்தால் மிதந்து வேறு கரை சேரவும் அதற்கு இயலும்.

இவ்வேர்க்காடு மீன்குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் வளர்ப்பிடம், அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண். உப்புநீர் முதலைகளின் வாழிடமும் இதுவே. உலகில் வாழும் ஊர்வனவற்றுள் மிகப் பெரியதான அவ்விலங்கு இக்கழிகளில் இயல்பாகத் திரிவதால், படகிலிருந்து கையை நீரில் அளைவது வேடிக்கைக்காகக்கூடச் செய்யத்தகாத செயல். 2004 டிசம்பர் நிலநடுக்கத்தின்போது வடக்கு அந்தமானின் கரைகள் உயர்ந்தெழுந்ததால் கடல்நீர் எட்டாமற்போன அலையாத்திக் காடுகள் காய்ந்து மடிந்தன; தெற்கே நிலம் தாழ்ந்ததால் பல இடங்கள் நிலையாக நீரில் மூழ்கின. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட குறுகிய உயரத்துக்குள் மட்டுமே வாழப் பழகிய காடு இது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

கால்வாயின் முடிவில், வேர்களின்மேல் அமைத்த மரநடைபாதையில் இறங்கினால் நயாடேரா என்னும் சிற்றூர். நெல்வயல்களையும் சில வீடுகளையும் எலுமிச்சைச் சாறு விற்கும் கடைகளையும் கடந்து ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு நடந்தால் குகை வருகிறது. முகப்பில் கூரை திறந்து வானொளி விழ, உள்ளே போகப் போகச் சுவர்கள் நெருங்கி, கைவிளக்கு இல்லாமல் அடிவைக்க முடியாத இருட்டு சூழ்கிறது. சுவர்களில் நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. வழிகாட்டிகள் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பாறை வடிவங்களில் பிள்ளையாரையும் யானையையும் காட்டுவார்கள். பயணிகள் அதில் மகிழ்வதும் இயல்பே. ஆயினும் அங்கே உண்மையில் காணத்தக்கது, அந்த வடிவங்களை ஆக்கிய முறைதான்.

மழைத்துளி காற்றினூடே விழும்போது சிறிதளவு கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. காட்டு மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் அங்கே அவ்வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பன்மடங்கு மிகுந்திருக்கிறது. ஆகவே மண்ணில் இறங்கும் நீர் கார்பானிக் அமிலம் என்னும் மென்மையான அமிலமாகிறது. நாக்கில் உறைக்காத அளவுக்கு மெலிந்த அந்த அமிலம், பாறையின் வெடிப்புகளில் புகுந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டைக் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றி எடுத்துச் செல்கிறது. வெடிப்பு விரிந்து இடுக்காகி, இடுக்கு அகன்று குகையாவது இவ்வாறுதான். பிறகு அதே நீர் குகையின் கூரையில் துளியாகத் தொங்கும்போது, குகைக்காற்றில் கரியமில வாயு குறைவாக இருப்பதால், துளியிலிருந்து வாயு வெளியேற, சுண்ணாம்பு கரைந்திருக்க இயலாமல் மெல்லிய வளையமாகப் படிகிறது. விருதுநகர் மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும்போது பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் ஏடு இதே வேதிவினையின் விளைவு. அடுப்பின் வெப்பம் நிமிடங்களில் செய்வதைக் குகையின் குளிர்ச்சி நூற்றாண்டுகளில் செய்கிறது.

வளையத்தின்மேல் வளையம் படிந்து கூரையிலிருந்து கீழ்நோக்கி வளர்வது கல்விழுது எனவும், தரையில் சிதறும் துளியின் எஞ்சிய சுண்ணாம்பு மேல்நோக்கி வளர்வது கல்முளை எனவும் பள்ளிப் பாடநூல்களில் வழங்கப்படுகின்றன. இரண்டும் சந்தித்தால் தூண். சுவரின் சரிவில் நீர் வழிந்தோடும் இடங்களில் திரைச்சீலையின் மடிப்புகளை ஒத்த படிவங்கள் உருவாகின்றன. வளர்ச்சி வேகம் நீரின் அளவையும் வெப்பத்தையும் பொறுத்து மாறினாலும், சராசரியாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். அந்தக் கணக்கில் ஒரு சாண் கல்விழுது வளர ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகும். மனிதக் கையிலுள்ள எண்ணெய்ப்பசை படிந்த இடத்தில் புதிய சுண்ணாம்பு ஒட்டுவது தடைப்பட்டு, வெண்மை மங்கிக் கருமை ஏறுகிறது. பார்வையாளர் தொடக்கூடாது என்ற விதி இதனால் வந்தது. குகைக்குள் எழுதப்பட்டுள்ள எல்லா விதிகளிலும் இதுவே மிக முக்கியமானது.

கல்முளைகளின் மதிப்பு அழகோடு முடிவதில்லை. துளியில் வரும் ஆக்சிஜனில் எடை குறைந்த அணுக்களும் எடை மிகுந்த அணுக்களும் கலந்திருக்கின்றன. பருவமழை வலுத்துப் பெய்யும் காலங்களில் எடை மிகுந்தவற்றின் விகிதம் குறைகிறது. ஒவ்வோர் அடுக்கும் தான் படிந்த காலத்து மழையின் அந்த விகிதத்தைத் தன்னுள் வைத்திருப்பதால், கல்முளையை நெடுக்குவாட்டில் அறுத்து, அடுக்குகளின் வயதைக் கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு கணித்தால், மழைமானிகள் இல்லாத காலத்து மழையின் ஏற்ற இறக்கம் தெரியவரும். பாரதாங் குகையொன்றின் கல்முளையை அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்து அறிவியலாளர்கள் இம்முறையில் ஆராய்ந்து, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளின் தென்மேற்குப் பருவமழை வரலாற்றை 2013இல் வெளியிட்டனர். மேகாலயத்தின் மாவ்ம்லூ குகையிலிருந்து எடுத்த கல்முளையோ இன்னும் பெரிய இடத்தைப் பெற்றது: 4,200 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த நெடுவறட்சியின் தடயம் அதில் தெளிவாகப் பதிந்திருந்ததால், நாம் வாழும் நிலவியல் காலப்பகுதிக்கு மேகாலயன் என்னும் பெயரே 2018இல் சூட்டப்பட்டது. மழையை நம்பி மானாவாரி உழவு செய்யும் கரிசல் மக்களுக்கு, மழையின் நெடுங்கணக்கு ஒரு கல்லுக்குள் இருக்கிறது என்ற செய்தி வெறும் வியப்போடு நிற்கக்கூடியதன்று. அதை உடைத்து வீட்டுக்கு எடுத்துவரும் பயணி, தன் ஊர் மழையைப் பற்றிய சான்றின் ஒரு பக்கத்தைக் கிழித்து வருகிறார்.

இத்தீவின் வேறு குகைகளில், குறிப்பாக ராஃப்டர்ஸ் கழிப் பகுதியில், உழவாரன் இனத்தைச் சேர்ந்த சிறு பறவை ஒன்று கூடு கட்டுகிறது. முழு இருட்டில் தன் வாயால் ஒலியெழுப்பி, அது சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியால் வழியறியும் இப்பறவை, தன் உமிழ்நீரை மட்டுமே கொண்டு வெண்மையான கிண்ணம் போன்ற கூட்டை அமைக்கிறது. சீன உணவில் அக்கூட்டுச் சாறு பெருமதிப்புடையது என்பதால், முட்டையும் குஞ்சும் இருக்கும்போதே கூடுகள் பிடுங்கப்பட்டு, பறவையின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. கோவை சாலிம் அலி பறவையியல் மையத்தின் முனைவர் ரவி சங்கரன் 1990களில் தீவுதீவாகக் குகைகளைக் கணக்கெடுத்து இந்நிலையை வெளிக்கொணர்ந்தார். அவர் கண்ட தீர்வு துணிச்சலானது: வனத்துறையின் துணையோடு, கூடு பறித்தே பிழைத்தவர்களை அதே குகைகளின் காவலர்களாக அமர்த்தினார். காவலில் இருந்த குகைகளில் பறவைகள் மீண்டும் பெருகின. 2009இல் மறைந்த அவருடைய பெயர் தமிழ்நாட்டில் இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

குகைப் பயணத்தைப் பற்றி எழுதும் எவரும் தவிர்க்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. போர்ட் பிளேரிலிருந்து பாரதாங் செல்லும் அந்தமான் பெருஞ்சாலை ஜிர்காடாங் சோதனைச்சாவடியைக் கடந்ததும் ஏறத்தாழ 49 கிலோமீட்டர் தூரம் ஜாரவா பழங்குடியினரின் ஒதுக்ககக் காட்டினூடே செல்கிறது. வேட்டையும் மீன்பிடிப்பும் தேனெடுப்பும் கொண்டு பல்லாயிரம் ஆண்டுகளாகத் தீவில் வாழ்ந்துவரும் இம்மக்கள், 1997, 1998ஆம் ஆண்டுகள்வரை வெளியாரைத் தங்கள் காட்டுக்குள் விடாமல் அம்பெய்து தடுத்தவர்கள். 2001இல் 240 பேராகவும் 2011இல் 380 பேராகவும் கணக்கிடப்பட்ட இச்சிறு சமூகத்தை 1999இல் தட்டம்மை தாக்கியது. வெளியாரின் நோய் எவ்வளவு கொடியது என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது: 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியேற்றம் அமைத்தபோது ஆயிரக்கணக்கில் இருந்த பேரந்தமானியர் 1901இல் 625 பேராகவும் 1961இல் 19 பேராகவும் குறைந்தனர்.

உச்ச நீதிமன்றம் 2002இல் ஒதுக்ககத்தினூடே செல்லும் சாலைப்பகுதியை மூட ஆணையிட்டது, சாலை மூடப்படவில்லை. பயணிகள் முன்னிலையில் ஜாரவாப் பெண்களை ஆடச்செய்த காட்சி 2012இல் உலகெங்கும் வெளியாகிப் பெருங்கண்டனத்தை எழுப்பிய பின், 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் அச்சாலையில் செல்வதற்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மார்ச் மாதத்தில் தடை நீங்கியது. இன்று வாகனங்கள் காவலர் பாதுகாப்புடன் குறித்த நேரங்களில் அணியாகவே செல்ல வேண்டும். வழியில் நிறுத்துவதும், ஜாரவாக்களைப் படமெடுப்பதும், உணவோ பொருளோ கொடுப்பதும் சட்டப்படி தண்டனைக்குரியவை. விதிகளைக் கடைப்பிடித்தாலும், நாள்தோறும் நூற்றுக்கணக்கான பயணிகள் ஒரு மக்களின் வாழிடத்தை ஊடறுத்துச் செல்வதும், சன்னல் வழியே அவர்களைத் தேடுவதும் நடந்துகொண்டே இருக்கின்றன. மாற்றாகக் கடல்வழி 2017இல் தொடங்கப்பட்ட பின்னும் பெரும்பாலோர் சாலையையே தேர்ந்தெடுக்கிறார்கள். பயண முகவர் சொல்லும் விலையும் வசதியும் சாலைக்குச் சாதகமாக இருப்பதால் மட்டும் அத்தேர்வு சரியாகிவிடாது.

மழை ஓய்ந்த நவம்பர் இறுதியிலிருந்து ஏப்ரல்வரை இப்பயணத்துக்கு ஏற்ற காலம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும், கப்பலில் மூன்று நாள் ஆகும். வழுக்காத காலணி, கைவிளக்கு, அடையாள அட்டை ஆகியவை தேவை. குகைவரையிலான நடைவழி ஏற்ற இறக்கம் கொண்டது. முழங்கால் வலி உள்ள முதியோர் அதைக் கருத்தில் கொள்வது நல்லது. அந்தமான் செல்லத் திட்டமிடும் குடும்பங்கள் முகவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாரதாங்குக்குக் கடல்வழிப் படகு உண்டா என்று கேட்க வேண்டும். அன்று படகு இல்லையென்றால், இன்னொரு நாளுக்குக் காத்திருக்கவோ அந்தப் பயணத்தையே விட்டுவிடவோ மனம் வைக்க வேண்டும்.